தாத்தா காலத்து டபுள் பேரல் துப்பாக்கி… வயசு என்னன்னு கண்டுபிடிக்கிறது எப்படி தெரியுமா?

தேர்தல் தேதி அறிவிச்சதும் லைசென்ஸ் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வாங்க. அப்போ சில வீடுகளில் இருந்து தாத்தா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கியும் வரும். "இது வெள்ளைக்காரன் காலத்துது"ன்னு பெருமையா சொல்வாங்க. ஆனா எந்த வருஷம்னு கேட்டா பதில் இருக்காது. அந்தப் பதில் துப்பாக்கியிலேயே பொறிக்கப்பட்டிருக்கு!

மேலே இருக்கும் பெயரை நம்பலாமா?

குழலின் மேல் கல்கத்தா மேன்டன், மெட்ராஸ் பி.ஆர். அண்ட் சன்ஸ் போன்ற பெயர்கள் இருக்கலாம். பெரும்பாலும் அது விற்ற கடையின் பெயர்தான். பல துப்பாக்கிகள் இங்கிலாந்தின் பர்மிங்காமில் செய்யப்பட்டு, இங்கே கடைப் பெயரோடு விற்பனைக்கு வந்தவை. பிரபல கம்பெனிகளின் பெயரைக் கொஞ்சம் மாற்றிப் போட்ட பெல்ஜியம் சரக்கும் உண்டு.

அப்போ எங்கே பார்க்கணும்?

குழலைக் கழற்றினால், அடிப்பக்கத்தில் தட்டையான பகுதி தெரியும். குட்டிக் குட்டி முத்திரைகள் அங்கேதான் இருக்கும். வழக்கத்தைவிட அதிக மருந்து போட்டுச் சுட்டுப் பார்த்து, குழல் தாங்கினால் மட்டுமே சோதனைச் சாலையில் இந்த முத்திரை குத்துவாங்க. பிரிட்டனில் லண்டன், பர்மிங்காம் என இரண்டு இடங்களில் இந்தச் சாலைகள் உள்ளன.

முத்திரை சொல்லும் வருஷம்

* குறுக்காக இரண்டு செங்கோல், மேலே கிரீடம், இடையில் பி, சி, பி எழுத்துகள்: பர்மிங்காம், 1813 முதல் 1904 வரை.
* கிரீடத்தின் கீழ் 'பி.பி', 'பி.வி' எழுத்துகள்: பர்மிங்காம், 1904க்குப் பிறகு.
* 'நாட் ஃபார் பால்' என்ற வாசகம்: 1875 முதல் 1887 வரை. வாய்ப்பக்கம் குறுகிய குழல், ஒற்றைக் குண்டு போடாதே என்று அர்த்தம்.
* வைர வடிவக் கட்டத்துக்குள் 12, கீழே 'சி': 1887க்குப் பிறகு.
* 'நைட்ரோ ப்ரூஃப்' என்ற வாசகம்: 1896 முதல் 1904 வரை. அதற்குப் பிறகு கிரீடத்தின் கீழ் 'என்.பி'.
* முட்டை வடிவத்துக்குள் 'இ.எல்.ஜி': பெல்ஜியத்தின் லீஜ் நகரம். மேலே கிரீடமும் இருந்தால் 1893க்குப் பிறகு.

கணக்குப் போடுவது எப்படி?

ஒரு துப்பாக்கியில் செங்கோல் முத்திரையும் வைரக் கட்டமும் இருக்குன்னு வைங்க. செங்கோல் 1904ல் முடிகிறது, வைரம் 1887ல் தொடங்குகிறது. ஆக, இடைப்பட்ட 17 வருஷத்தில் செய்தது. 'நைட்ரோ ப்ரூஃப்' வாசகமும் இருந்தால் 1896 முதல் 1904க்குள் அடங்கிவிடும். ஆனா, பின்னாளில் மறுசோதனை செய்திருந்தால் புது முத்திரையும் சேர்ந்திருக்கும். அதனால் இருப்பதிலேயே பழைய முத்திரையைக் கணக்கில் எடுக்கணும். சீரியல் நம்பரும் முக்கியம். பர்டி, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் போன்ற கம்பெனிகளிடம் பழைய பதிவேடுகள் இருக்கு.

வயசு தெரிஞ்சு என்ன பயன்?

விலையை விட முக்கியம், உயிர்! 'நைட்ரோ' முத்திரை இல்லாத குழல் கரிமருந்துக்கு மட்டுமே சோதிக்கப்பட்டது. இன்றைய தோட்டாவைப் போட்டால் குழல் வெடிக்கலாம். இன்னொரு சிக்கலும் இருக்கு. பல பழைய 12 போர் துப்பாக்கிகளில் தோட்டா அறை 65 மி.மீ. இப்போதைய 70 மி.மீ தோட்டாவும் அதுக்குள்ளே போய் உட்காரும். ஆனா சுடும்போது தோட்டாவின் வாய் முழுசா விரிய இடம் இல்லாமல் அழுத்தம் எகிறும். பரணில் கிடந்ததை எடுத்து "ஒரு தடவை சுட்டுப் பார்ப்போமே"ன்னு நினைக்கவே கூடாது.

லைசென்ஸ் வேணுமா?

"பழசுதானே"ன்னு வீட்டில் வைத்திருக்க முடியாது. சுடக்கூடிய நிலையில் இருந்தாலோ, பழுது பார்த்தால் சுடும் என்றாலோ 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் கட்டாயம். லைசென்ஸ் வைத்திருந்த தாத்தா இறந்துவிட்டால், தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற டீலரிடமோ ஒப்படைக்கணும். பிறகு வாரிசு முறைப்படி விண்ணப்பிக்கலாம். முத்திரையைப் படிக்கக் குழலைக் கழற்றும் வேலையையும் அந்த டீலரிடமே விடுங்க. உள்ளே பழைய தோட்டா இருக்கான்னு முதலில் பார்க்கத் தெரிந்தவர் அவர்தான்.