லோச் மீன் தொட்டி: தண்ணீர் தெளிவா இருந்தும் மீன் மூச்சு வாங்குவது ஏன்?

கண்ணாடி மாதிரி தெளிவான தண்ணீர், ஃபில்டரும் ஓடிக்கிட்டே இருக்கு. ஆனாலும் அடியில் கிடக்க வேண்டிய லோச் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. கோடை வந்தால் மீன் வளர்ப்பவர்கள் பலரும் சொல்லும் புகார் இது. தண்ணீர் சுத்தமாக இருப்பது வேறு, அதில் ஆக்சிஜன் இருப்பது வேறு. இரண்டையும் ஒன்று என நினைப்பதில்தான் சிக்கலே ஆரம்பிக்கிறது.

லோச் என்றால் என்ன?

நம்ம ஊர் அயிரை மீனும் லோச் வகைதான். குழம்பில் பார்த்தவர்கள் அதை மீன் தொட்டியில் யோசித்திருக்க மாட்டார்கள். கடைகளில் அலங்கார மீனாக விற்பவை வேறு: ஆரஞ்சு உடலில் கறுப்புப் பட்டை போட்ட கிளவுன் லோச், கங்கைப் படுகையைச் சேர்ந்த யோயோ லோச், பாம்புக்குட்டி போல நெளியும் கூலி லோச்.

கிளவுன் லோச்சின் சொந்த ஊர் இந்தோனேசியாவின் சுமத்ரா, போர்னியோ ஆறுகள். ஓடும் தண்ணீரில், கூட்டமாக வாழ்ந்து பழகிய மீன். தனியாக விட்டால் பயந்து ஒளிந்துகொள்ளும் என்பதால் குறைந்தது 5 மீனாவது சேர்த்து விட வேண்டும். அதாவது, ஒன்றே ஒன்று வாங்கிச் சமாளிக்கலாம் என்ற வழியும் இல்லை.

ஆக்சிஜன் எங்கிருந்து வருகிறது?

ஏர் பம்ப் விடும் குமிழிகளிலிருந்து என்று பலரும் நினைக்கிறார்கள். குமிழியிலிருந்து நேரடியாகக் கரைவது கொஞ்சம்தான். தண்ணீரின் மேற்பரப்பு காற்றோடு தொடும் இடத்தில்தான் பெரும்பகுதி ஆக்சிஜன் உள்ளே போகிறது. குமிழிகள் மேலேறும்போது அடித் தண்ணீரை மேலே இழுத்து வந்து, மேற்பரப்பைக் கலக்கிவிடுகின்றன. அதுதான் அவற்றின் முக்கிய வேலை.

அதனால் தொட்டி எத்தனை லிட்டர் என்பதை விட, மேற்பரப்பு எவ்வளவு என்பதே பெரிய கேள்வி. 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டியில் சுமார் 255 லிட்டர் பிடிக்கும். மேற்பரப்பு 6 சதுர அடி. அதே தண்ணீரை 2 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 3 அடி உயரத் தொட்டியில் ஊற்றினால் மேற்பரப்பு 3 சதுர அடிதான். பார்க்க கம்பீரமாக இருக்கும் அந்த உயரத் தொட்டி, அடியில் வாழும் லோச்சுக்கு மோசமான வீடு.

வெயில் செய்யும் வேலை

20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது சுமார் 7.5 ஆகக் குறைந்துவிடும். தண்ணீர் சூடாகும்போது மீனின் உடல் வேகமாக இயங்கி, ஆக்சிஜன் தேவையும் ஏறுகிறது. வரவு குறையும் நேரத்தில் செலவு கூடும் கதைதான்.

லோச் மீன்களுக்கு வெள்ளைப்புள்ளி நோய் எளிதில் வரும். அதற்குத் தண்ணீரை 30 டிகிரிக்கு சூடாக்கும் பழக்கம் உண்டு. சூட்டைக் கூட்டும்போது காற்றையும் கூட்டாவிட்டால், நோயிலிருந்து தப்பிய மீன் மூச்சுத் திணறிச் சாகலாம்.

'குட்டி மீன்தான் சார், பத்து விடலாம்'

கடையில் கிளவுன் லோச் வாங்கும்போது அது 5 செ.மீ. இருக்கும். தொட்டியில் வருடக்கணக்கில் வளர்ந்து 20 செ.மீ. தாண்டும், இயற்கையில் 30 செ.மீ. வரை போகும். நீளம் 4 மடங்கானால் எடை 4 மடங்கு ஆகாது, 64 மடங்கு ஆகும். ஒரு கிராம் எடைக்கு என்று பார்த்தால் பெரிய மீன் குட்டியை விடக் குறைவாகவே ஆக்சிஜன் எடுக்கும். அப்படிப் பார்த்தாலும் குட்டியின் தேவையைப் போல 20 மடங்குக்கு மேல் வரும். 'ஒரு இஞ்ச் மீனுக்கு ஒரு காலன் தண்ணீர்' என்ற பழைய கணக்கு இங்கே உதவாது.

மீன் மட்டும் மூச்சு விடுவதில்லை. கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் ஃபில்டர் பாக்டீரியாக்களுக்கும் ஆக்சிஜன் வேண்டும். அம்மோனியாவில் உள்ள ஒரு கிராம் நைட்ரஜனை மாற்ற சுமார் நாலரை கிராம் ஆக்சிஜன் செலவாகிறது. மீன் கூடினால் கழிவும் கூடும், செலவும் இரட்டிப்பாகும். செடிகள் பகலில் ஆக்சிஜன் தந்தாலும் இரவில் அவையும் எடுத்துக்கொள்ளும். விடியற்காலையில்தான் தொட்டியில் ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போகும்.

அப்படியென்றால் எத்தனை விடலாம்? மேலே சொன்ன 4 அடித் தொட்டியில் யோயோ லோச் ஐந்தாறு தாராளம். 2 அடித் தொட்டியில் கூலி லோச் ஆறு. கிளவுன் லோச் குட்டிகள் ஐந்தை 4 அடித் தொட்டியில் ஆரம்பிக்கலாம். வளர்ந்தபின் 6 அடித் தொட்டிக்கு இடமும் பணமும் இல்லையென்றால் ஆரம்பிக்காமல் இருப்பதே நல்லது.

எதைக் கவனிக்க வேண்டும்?

செவுள் மூடி படபடவென அடிப்பது, ஃபில்டர் தண்ணீர் விழும் இடத்தில் மீன்கள் கூடுவது, மேற்பரப்பில் வாய் வைப்பது ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். ஆனால் கிளவுன் லோச் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தால் பதற வேண்டாம், அது தூங்கும் விதமே அப்படித்தான். வெதர் லோச் அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கிப் போவதும் இயல்பு. அதனால் குடல் வழியாகவும் சுவாசிக்க முடியும்.

ஃபில்டரின் வாயைத் தண்ணீருக்குள் ஆழமாகப் புதைக்காமல், மேற்பரப்பு அலையடிக்கும்படி திருப்பி வைத்தாலே பாதிப் பிரச்சனை தீரும்.

கரண்ட் கட் ஆனால்? பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். இல்லையென்றால் ஒரு கப்பில் தொட்டித் தண்ணீரையே மொண்டு, ஓரடி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டே இருக்கலாம். கரண்ட் வரும்வரை தீனி போடக் கூடாது. பல மணி நேரம் நின்ற கேனிஸ்டர் ஃபில்டரை அப்படியே ஆன் பண்ணவும் கூடாது. உள்ளே ஆக்சிஜன் இல்லாமல் கெட்டுப்போன தண்ணீரைக் கொட்டிவிட்டு, தொட்டித் தண்ணீரில் அலசிய பிறகே ஓட்ட வேண்டும்.