தண்ணீர் பட்டால் வெடிக்கும்!

சிவகாசியில் பேன்சி ரகம் போடுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஊதாதான் உயிரை வாங்கும் கலர் என்பார்கள். சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம் உப்பு, நீலத்துக்குச் செம்பு உப்பு, இரண்டையும் அளவாகக் கலந்தால் ஊதா. சொல்ல எளிது. சூடு கொஞ்சம் கூடிவிட்டால் நீலம் காணாமல் போய்விடும். வானத்தில் ஊதாவுக்குப் பதில் சாயம் போன ரோஸ் கலர்தான் விரியும்.

செடிக்காரர்களுக்கும் இந்தத் தலைவலி உண்டு. டே லில்லி என்று ஒரு பூ. சீனா, கொரியா, ஜப்பான் பக்கத்துச் செடி. காட்டில் பெரும்பாலும் மஞ்சளும் ஆரஞ்சும்தான். நியூயார்க் தாவரவியல் பூங்காவில் ஸ்டவுட் என்கிற மனிதர் வருஷக்கணக்கில் மகரந்தம் மாற்றி மாற்றிப் போட்டு, 1934-ல் ஒரு சிவப்பைப் பெயர் சூட்டி வெளியே விட்டார். ஊதாவெல்லாம் அதற்குப் பிற்பாடு வந்தது. இன்றைக்குப் பதிவான ரகங்கள் எண்பதாயிரத்தைத் தாண்டிவிட்டன. அசல் நீலம் மட்டும் இன்னும் யாருக்கும் சிக்கவில்லை.

இந்த ஊதா டே லில்லிதான் எங்கள் ஆபீசில் போன மாதம் தகராறு. (நான் காலண்டர் அச்சடிக்கும் ஓர் ஆபீசில் கணக்கு எழுதுகிறவன்.) பக்கத்து சீட் தம்பி செல்போனை நீட்டினான்.

"அண்ணே, கிழங்கு ஒண்ணு முந்நூத்தம்பது ரூவாதாண்ணே. ஆர்டர் போட்டுரவா?"

"பூ எத்தனை நாளுக்குடா நிக்கும்?"

"ஒரு நாளு."

"எவ்வளவு?"

"காலைல பூத்தா சாயங்காலம் வாடிரும். ஆனா அடுத்த நாள் அடுத்த மொட்டு வந்துரும்ணே!"

பையன் சொன்னது சரிதான். அந்தச் செடியின் கிரேக்கப் பெயருக்கே 'ஒரு நாள் அழகு' என்றுதான் அர்த்தம். மெத்தென்ற மண், நல்ல தண்ணீர், மிதமான வெயில் இருந்தால் டே லில்லி சொன்ன பேச்சு கேட்கும். ஊட்டி, கொடைக்கானலில் வீடு இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். நம் கதை வேறு. கரிசல் மண், உப்புத் தண்ணீர் போர், சித்திரை வெயில். அதிலும் கரும் ஊதா ரகங்கள் உச்சி வெயிலைக் கண்டால் சுருண்டுவிடும். முந்நூத்தம்பது ரூபாய்க்கு வெந்த கத்தரிக்காய்த் தோல் மாதிரி ஒன்றைப் பார்ப்பதற்கு, கத்தரிக்காயே வாங்கி வதக்கலாம்.

காலையில் பூத்து மத்தியானம் உதிர்கிற ஊதாப் பூ ஒன்று நம் ஊரிலேயே இருக்கிறது சார். சல்லிக்காசு செலவில்லை. தண்டவாளத்தின் ஓரம், கண்மாய்க் கரை, பள்ளிக்கூடக் காம்பவுண்டுச் சுவர், எங்கும் நிற்கும். சின்னப் புனல் மாதிரி, தாள் போல மெல்லிய இதழ். சித்த வைத்தியப் புத்தகத்தில் இதன் பேர் கிரந்திநாயகம். அந்தப் பெயரைச் சொன்னால் எங்கள் தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது. 'பட்டாசுக்காய்' என்று சொல்லுங்கள், ஐந்து வயதுப் பயல்கூட இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவான்.

காய்ந்து பழுப்பான காயை எடுத்து எச்சில் தொட்டு உள்ளங்கையில் வைத்து மூடியதும், ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவதற்குள் 'பட்'! விதைகள் விரலிடுக்கில் தெறிக்கும். பரீட்சை ஹாலில் இங்க் பாட்டில் மூடியில் தண்ணீர் ஊற்றி இதைப் போட்டவர்கள் இப்போது பாங்க் மேனேஜராகவெல்லாம் இருக்கிறார்கள்.

சூட்சுமம் இதுதான். காய் காயும்போது அதன் இரண்டு பாதிகளும் எதிரெதிர்ப் பக்கம் வளையப் பார்க்கும். நடுவில் இருக்கிற தையல் விடாது. இறுக்கம் ஏறிக்கொண்டே இருக்கும். நுனியில் ஈரம் பட்டதும் தையல் இளகி, காய் இரண்டாகப் பிளக்கும். உள்ளே ஒவ்வொரு விதைக்கும் ஒரு கொக்கி உண்டு, அதுதான் கவண். இதன் ஒன்றுவிட்ட சகோதரச் செடி ஒன்றை அமெரிக்காவில் பொமோனா கல்லூரிக்காரர்கள் அதிவேகக் கேமராவில் பிடித்து 2018-ல் வெளியிட்டார்கள். விதை நொடிக்கு ஆயிரத்து அறுநூறு சுற்றுக்கு மேல் சுழன்றுகொண்டு ஏழு மீட்டர் வரை போகிறதாம். எந்தத் தரைச்சக்கரம் இப்படிச் சுற்றும்?

இந்தச் செடியும் அசலூர்தான், மத்திய அமெரிக்கப் பக்கம். பதினாறாம் நூற்றாண்டில் பிரெஞ்சு ராஜாவுக்கு வைத்தியராக இருந்த ருயெல் என்பவரின் பெயரைத்தான் இதற்கு வைத்திருக்கிறார்கள். வந்து தங்கி நம்மாளாகிவிட்டது.

தண்ணீர் பட்டால் வெடிக்கிற சமாசாரம் எங்கள் ஊரில் வேடிக்கை மட்டும் இல்லை. அலுமினியத் தூளும் உப்பும் கலந்த மருந்தில் ஈரம் சேர்ந்தால், தீக்குச்சி இல்லாமலே உள்ளுக்குள் சூடேறிப் பற்றிக்கொள்ளும். அன்றன்றைக்குக் கலந்த மருந்தை அன்றன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், மீதம் வைக்கக்கூடாது என்று ஆலைகளில் தலைப்பாடாகச் சொல்வது இதனால்தான்.

எங்கள் பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்கு இது பாடமாக வந்ததில்லை. ஐப்பசி மழை ஈரத்தில் ஒரு காலை, முந்தின நாள் மீந்த மருந்து. உயிர் பிழைத்தார். இரண்டு கையும் வெந்து, விரல்கள் பாதிதான் மடங்கும். இப்போது திண்ணைதான்.

அவர் மகன் என் தொட்டியில் இருந்து பட்டாசுக்காயை டவுசர் பையில் அள்ளிக்கொண்டு போய், அப்பா குடிக்க வைத்திருந்த தண்ணீர்ச் சொம்பில் போட்டுவிட்டான். படபடவென்று ஆறேழு. அன்று சாயங்காலம் அக்கா வந்தார்.

"தம்பி, தப்பா நினைக்காதீங்க. அந்தச் செடிய எடுத்துருங்க. மனுசன் சொம்ப அப்படியே கீழ போட்டுட்டாரு. ராத்திரி தூங்குவாரான்னு தெரியல."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. எடுத்துவிடலாம்தான். ஆனால் பட்டாசுக்காய்ச் செடியை எடுப்பது லேசில்லை. தண்ணீர்விட்டான் கிழங்கின் குட்டித் தம்பி மாதிரி வேரில் கொத்துக் கொத்தாகக் கிழங்கு. துண்டு ஒன்று மண்ணில் நின்றாலும் அடுத்த மழைக்கு எழுந்து உட்காரும். நான் மண்வெட்டியோடு குனிந்திருந்தபோது திண்ணையிலிருந்தே அண்ணாச்சி குரல் கொடுத்தார்.

"பிடுங்காதிய. பூ என்ன செஞ்சுச்சு? காய முத்த விடாம பறிச்சிருங்க, முடிஞ்சுபோச்சு."

பறித்தது யார் தெரியுமா? அவரேதான். தினம் காலையில் வந்து, மடங்காத விரல்களுக்கிடையில் பச்சைக் காயை இடுக்கி, ஒவ்வொன்றாகத் திருகி எடுப்பார். பத்துக் காய்க்கு அரைமணி ஆகும். நான் உதவிக்குப் போனால் முறைப்பார். இரண்டு மாதமாக நடக்கிறது. அக்கா ஒன்றும் சொல்வதில்லை; ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி.

அண்ணாச்சி முறை வீட்டுத் தோட்டத்துக்கு ரொம்பச் சரி. பச்சையிலேயே காயைக் கிள்ளினால் செடி கண்ட இடத்தில் பரவாது. விட்டால் ஒரே மழைக்காலத்தில் துளசி மாடம் வரை வந்துவிடும். அண்டை வீட்டுக்காரர் கோபக்காரர் என்றால் தரையில் வைக்காதீர்கள், தொட்டிதான் உத்தமம்.

விதை வேண்டுமானால் நாலு காயை மட்டும் பழுக்கவிட்டு, ஒரு துணிப்பையில் போட்டுத் தண்ணீர் தெளித்தால் வேலை முடிந்தது. நனைந்த விதை சப்ஜா விதை போல வழவழவென்று கூழ் கட்டும்; மண்ணில் ஒட்டிக்கொள்ளத்தான் அந்த ஏற்பாடு. மேலாக மண் தூவினால் போதும். உரம், மருந்து எதுவும் வேண்டாம். வெயில் இருந்தால் பூ அதிகம், நிழலில் இலை அதிகம். கோடையில் தண்ணீர் ஊற்ற மறந்தால் மேலே காய்ந்துபோகும். பதறாதீர்கள், கிழங்கு உள்ளே பத்திரமாக இருக்கும். ரொம்ப வறட்சி என்றால் பூவே விரியாமல் மொட்டுக்குள்ளேயே கருவுற்றுக் காய்த்துவிடும். அப்படிப்பட்ட சிக்கனக்காரச் செடி! இலையில் கறுப்பாக முள் முளைத்த புழுக்களைப் பார்த்தால் நசுக்க வேண்டாம். இறக்கையில் கண் கண்ணாகப் புள்ளி வைத்த பழுப்பு வண்ணத்துப்பூச்சிக்கு இதுதான் தொட்டில்.

நர்சரியில் கேட்டால் இதையே உயரமாக, ஒல்லி இலையோடு காட்டுவார்கள். அது மெக்ஸிகோ ரகம். பூ ஜோர்தான், பரவுவதில் இவனுக்கு அண்ணன்.

ஆபீஸ் தம்பிக்கு ஒரு தொட்டி கொடுத்திருக்கிறேன். முந்நூத்தம்பது ரூபாய் மிச்சம் என்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். நீங்களும் ஞாயிற்றுக்கிழமை ரயில்வே லைன் பக்கம் போனால் பொறுக்கிக்கொள்ளலாம். ஒன்று மட்டும், காயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மழையில் நனையாதீர்கள். பஸ்ஸில் பக்கத்தில் நிற்கிறவர் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்!