குறி தப்புவது எதனால்? துப்பாக்கிப் பட்டையின் விலையும் தரமும்

2023 மே 27 அன்று கம்பம் நகருக்குள் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை புகுந்தது. ஜூன் 5 அதிகாலையில் மயக்க ஊசி போட்டு அதைப் பிடிக்கும்வரை ஊர்ப்பேச்செல்லாம் யானையும் கும்கிகளும்தான். ஊசியைச் செலுத்தும் துப்பாக்கியைப் பற்றிப் பேச்சே இல்லை. மயக்க ஊசித் துப்பாக்கியோ போலீஸ் துப்பாக்கியோ, ஸ்கோப்பும் டார்ச்சும் பெரும்பாலும் உட்காருவது பல் பல்லாக வெட்டிய ஓர் உலோகப் பட்டையின் மேல். ‘ரெயில்’ என்பார்கள். சில நூறு ரூபாய்க்கும் கிடைக்கும், பல ஆயிரத்துக்கும் கிடைக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

வித்தியாசம் அளவிலும் உலோகத்திலும் இருக்கிறது. 1995-ல் அமெரிக்க ராணுவம் வகுத்த பிக்காட்டினி அளவின்படி வெட்டின் அகலம் 5.23 மி.மீ.; பழைய வீவர் பட்டையில் 4.57 மி.மீ. மலிவுச் சரக்கில் இரண்டிலும் சேராத அளவு வருவதுண்டு. 7075-டி6 அலுமினியம் 6061-டி6-ஐவிட ஏறக்குறைய 1.8 மடங்கு விசையை வளையாமல் தாங்கும். எந்தக் கலவை என்றே சொல்லாத பட்டையில் ஸ்க்ரூவை நாலு தடவை கழற்றி மாட்டினால் மரை போய்விடலாம்.

பட்டை கோணலாக இருந்தால் குறி தப்பும் என்று பயமுறுத்துவார்கள். அது பாதி உண்மை. கோணல் மாறாமல் இருந்தால், ஸ்கோப்பின் திருகைத் திருப்பிக் குறியைச் சரிக்கட்டிவிடலாம். சரிக்கட்ட முடியாதது ஆட்டம். ஸ்கோப்பைப் பட்டையோடு இறுக்கும் இரண்டு பிடிகளுக்கு இடையே 100 மி.மீ. தூரம், அதில் 0.1 மி.மீ. ஆட்டம் என்றால் 40 மீட்டரில் குறி 4 செ.மீ. விலகும். அடுத்த முறை எந்தப் பக்கம் விலகும் என்பது யாருக்கும் தெரியாது. மேகமலைச் சாலையில் ஜீப் குலுங்கும்போது தளர்வது இந்தப் பிடிதான்.

யானைக்கு 4 செ.மீ. ஒரு பொருட்டா என்று கேட்கலாம். இல்லைதான். ஆனால் அதே துப்பாக்கியைத்தான் சிறுத்தைக்கும் தூக்குகிறோம். அதன் தொடைத் தசையில் 4 செ.மீ. தள்ளினால் ஊசி எலும்பில் படலாம், வயிற்றிலும் இறங்கலாம். அதற்காக எல்லாவற்றுக்கும் விலை உயர்ந்ததே வேண்டும் என்பதும் வீண் செலவு. டார்ச் மாட்ட மலிவுப் பட்டை தாராளமாகப் போதும். பிராண்டுக்குக் கொடுக்கும் காசில் ஒரு பங்கு பெயருக்கும் பளபளப்புக்கும் போவது உண்மை.

அரசுக்கு வாங்கும்போது, குறைந்த விலைக்காரருக்கே கொடுக்கச் சொல்கிறது சட்டம் என்பார்கள் அதிகாரிகள். 1998-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் தர நிபந்தனை எழுதுவதைத் தடுக்கவில்லை. எழுதாமல் விடுவதுதான் நம் பழக்கம். திருச்சியில் துப்பாக்கித் தொழிற்சாலை நடக்கும் மாநிலத்தில் அளந்து பார்க்க ஆளில்லை என்றும் சொல்ல முடியாது. வெட்டின் அளவையும் உலோகக் கலவையையும் டெண்டரிலேயே எழுதுங்கள். மாதிரித் துப்பாக்கியை ஒரு நாள் மலைச்சாலையில் ஜீப்பில் ஏற்றிச் சென்று, குறி மாறியிருக்கிறதா என்று சுட்டுப் பார்த்த பிறகு பில்லில் கையெழுத்துப் போடுங்கள்.