காப்பி முடிந்ததா? போல்டரை நம்பாதீர்கள்!

போல்டர் வந்துவிட்டதே, காப்பி ஆகிவிட்டது என்று நினைப்பவரா நீங்கள்? நானும் அப்படித்தான் இருந்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் வாடிக்கையாளருக்கு அனுப்பிய சாப்ட்வேரில், உதவிப் பக்கங்களுக்கு 312 படங்கள் இருந்திருக்க வேண்டும். போய்ச் சேர்ந்தவை 140 தான். மற்ற இடங்களில் வெறும் கட்டங்கள்!

சாப்ட்வேரைத் தொகுக்க நாங்கள் பயன்படுத்தியது 'மேக்' என்ற புரோகிராம். (ஆப்பிள் கம்ப்யூட்டர் அல்ல.) 1976ல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் உருவாக்கியது; இன்றும் ஓடுகிறது. எந்த பைலிலிருந்து எந்த பைல் உருவாக வேண்டும் என்று எழுதி வைத்தால், இரண்டின் தேதி, நேரத்தை ஒப்பிடும். உருவாக வேண்டிய பைல் இல்லாவிட்டாலோ, மூல பைல் அதைவிடப் புதியதாக இருந்தாலோ மட்டுமே வேலை நடக்கும். உருவாக வேண்டியதற்கு 'டார்கெட்' என்று பெயர்.

312 டார்கெட் எதற்கு என்று போல்டரையே ஒரே டார்கெட்டாகக் கொடுத்திருந்தேன். அங்கேதான் வினை. உள்ளே ஒரு பைல் சேர்ந்தாலே போல்டரின் நேரம் புதியதாகிவிடும்; மீதி பைல்கள் வந்தனவா என்பது அதற்குத் தெரியாது. டிஸ்க்கில் இடமின்றி காப்பி பாதியில் நின்றது. இடம் ஏற்படுத்தி மறுபடி இயக்கினேன். போல்டர் புதிதாக இருக்கிறதே என்று மேக் படங்களைத் தொடவே இல்லை. பிழைச் செய்தியும் இல்லை. நானும் அனுப்பிவிட்டேன்.

"போல்டரை விடுங்க தம்பி, ஒரு காலி பைலை டார்கெட்டா வைங்க" என்றார் சீனியர். எல்லாப் படங்களும் பிழையின்றிப் போய்ச் சேர்ந்த பிறகே அந்தக் காலி பைல் உருவாக வேண்டும். இதை 'ஸ்டாம்ப் பைல்' என்பார்கள். முன்பெல்லாம் மணியார்டர் பணம் பட்டுவாடா ஆன பின் வந்த கையெழுத்துச் சீட்டு மாதிரி. பாதியில் நின்றால் சீட்டு வராது. அடுத்த முறை மேக் மீண்டும் காப்பி செய்யும். ஒரு படத்தைத் திருத்தினாலும் 312ம் மறுபடி காப்பி ஆகும் என்பது உண்மை. சில விநாடிகள்தானே, போகட்டும்.

வீட்டில் உங்களுக்கு மேக் தேவையில்லை. ஆனால் கேமரா கார்டிலிருந்து போட்டோக்களை காப்பி செய்கையில் இதே ஆபத்து உண்டு. விண்டோஸில் இரண்டு போல்டர்களிலும் ரைட் கிளிக் செய்து, 'ப்ராப்பர்ட்டீஸ்' திறந்திடவும். பைல்களின் எண்ணிக்கையையும், 'சைஸ்' எதிரே அடைப்புக்குறிக்குள் உள்ள பைட் எண்ணையும் ஒப்பிடவும். 'சைஸ் ஆன் டிஸ்க்' மாறுபடலாம், கவலை வேண்டாம். மற்ற இரண்டும் ஒத்துப்போன பிறகே கார்டிலுள்ள படங்களை அழித்திடவும்.