கடல் மணலில் ஓடும் டிரெய்லர்: பேரிங்கைக் காப்பது எப்படி?

2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. இதுபோன்ற நேரத்தில் படகுகளை மேட்டுக்கு ஏற்றச் சில மணி நேரமே கிடைக்கும். அப்போது டிரெய்லர் சக்கரம் இறுகினால் மீனவருக்குப் படகே போய்விடும். எனவே செங்கல்பட்டு மாவட்டத்தில் கடலோர வேலைக்கு டிரெய்லர் அனுப்பும் விவசாயிகள், அக்டோபர் மழைக்கு முன்பே சக்கரங்களைப் பராமரிக்க வேண்டும்.

ஓடி வந்த சூட்டோடு சக்கரத்தைக் கடலில் இறக்கக் கூடாது. சூடான ஹப் சட்டெனக் குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, தேய்ந்த ஆயில் சீல் வழியாக உப்புநீரை இழுக்கும். கிரீஸ் பால்போல வெளுத்து, பேரிங் துருப்பிடிக்கும். ஹப் ஆறிய பிறகே இறக்க வேண்டும்; வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்.

ஜாக்கி வைத்துச் சக்கரத்தைச் சுற்றுங்கள். கரகரவெனச் சத்தம் வந்தாலோ, அசைத்தால் ஆடினாலோ ஹப்பைப் பிரிக்க வேண்டும். பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்துங்கள். உருளையில் குழியோ, நீலம் பாய்ந்த நிறமோ இருந்தால் வெளிவளையத்தோடு சேர்த்து மாற்றுங்கள். நீர் தாங்கும் கிரீஸை உருளைகளுக்கிடையே கையால் அழுத்தி நிரப்புங்கள். பழைய கிரீஸோடு கலக்காதீர்கள்.

பிரித்த ஒவ்வொரு முறையும் ஆயில் சீல் புதிதாக இருக்கட்டும். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பின் தடையின்றிச் சுழலும் அளவுக்குச் சற்றே தளர்த்தி, புதிய காட்டர் பின் போடுங்கள். சீலுக்குப் பார்க்கும் சிக்கனம் அச்சையே கேட்கும்.