படல் சாத்திய வீடும் கிரில் போட்ட வீடும்

ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு, இன்றைய கடலூர் மாவட்டக் கரையில் பிச்சாவரம், கிள்ளை பக்கத்துக் குடிசைகளில் கதவு என்றால் பெரும்பாலும் கீற்றுப் படல்தான். மூங்கில் சட்டத்தில் தென்னங்கீற்றை வைத்துக் கட்டி, இருட்டியதும் வாசலை அடைத்து, உள்ளே இருந்து ஒரு கயிற்றால் இழுத்துக் கட்டிக்கொள்வார்கள். நாய் நுழையாது. அதற்கு மேல் அந்தப் படலை நம்ப முடியாது. ஓர் ஆள் தோளால் தள்ளினால் போதும். அதற்குப் பின்னால் தனியாகப் படுத்திருந்த பெண்களும் உண்டு. கணவனைக் கடலில் பறிகொடுத்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், பிள்ளை இல்லாத கிழவிகள்.

இன்று அதே ஊர்களில் கான்கிரீட் வீடு, இரும்புக் கதவு, முன்வாசலில் கிரில். சில வீடுகளில் கேமராகூட வந்துவிட்டது. தனியாக வாழும் பெண் அன்றைவிட இன்று பத்திரமாக இருக்கிறாளா? ஆம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் இந்தக் கடற்கரையிலேயே சாட்சி இருக்கிறது.

பாயைச் சுருட்டிக்கொண்டு வந்த துணை

பக்கத்துச் சிதம்பரத்தின் பழைய ஓட்டு வீடுகளில் கதை வேறு. கனத்த நிலைக்கதவு, உள்ளே குறுக்குக் கட்டை, ரேழியைத் தாண்டி இன்னொரு கதவு, முற்றத்துக்கு மேலே ஆள் இறங்க முடியாதபடி இரும்புக் கம்பி. இத்தனையும் இருந்தும் திருடன் வந்தான். கதவுப் பக்கமே போகாமல் கொல்லைப்புறச் சுவரில் கன்னக்கோலால் துளை போட்டு நுழைந்தான். பூட்டும் கன்னமும் சொத்து உள்ளவர்கள் கவலை. குடிசையில் எடுத்துப்போக இருந்தது ஒரு பித்தளைக் குடம், ஒரு ஜோடித் தோடு. அந்தத் தோடும் பாதி நாள் அடகுக் கடையில் இருக்கும். அங்கே பயம் உடம்புக்குத்தான்.

அந்தப் பயத்துக்கு ஊர் கண்டுபிடித்து வைத்திருந்த வழி, துணை. வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட இந்தக் கரையில் ஆண்கள் பின்னிரவிலேயே கடலுக்குப் போய்விடுவார்கள். விடியும்வரை எந்த வீட்டிலும் பெண் தனிதான். ஒருத்தி வீட்டில் சாவு விழுந்தாலும், ஒருத்தியின் கணவன் வெளியூர் போனாலும், பக்கத்து வீட்டுப் பாட்டியோ வளர்ந்த பெண்பிள்ளையோ பாயைச் சுருட்டிக்கொண்டு துணைக்குப் படுக்க வருவார்கள். விடிவதற்கு முன் புதர் மறைவுக்குக் கூட்டமாகப் போய்வந்ததும் இந்த ஏற்பாட்டில் ஒரு பகுதி. கழிப்பறை இல்லாத ஊரில் ஒரு பெண்ணுக்கு நாளின் ஆபத்தான நேரம் அதுதான். கூட்டத்தைத் தவறவிட்டவள் பகல் முழுக்க அடக்கிக்கொள்வாள். அதற்காகத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வாள்.

இந்தத் துணை இலவசமாகக் கிடைக்கவில்லை. ஊரே காவல் என்றால் ஊரே கண்காணிப்பும்தான். ‘ஒண்டிப் பொம்பளை’ வீட்டில் விளக்கு எப்போது அணைந்தது, யார் வந்து திண்ணையில் உட்கார்ந்தார், விசேஷத்துக்கு என்ன புடவை கட்டினாள் என்பதெல்லாம் மறுநாள் காலை குழாயடியில் பேச்சு. குடித்துவிட்டு வந்து ஒருவன் படலைத் தள்ளினான் என்று புகார் சொன்னால், ‘உன் வீட்டுக்கு மட்டும் ஏன் வந்தான்?’ என்ற கேள்வி அவளைத் தேடித்தான் வரும். ஆண்கள் மட்டுமே கூடும் மீனவப் பஞ்சாயத்தில் வரி கட்டும் ஆண்தான் ஊர்க் கணக்கில் ஒரு தலை. கைம்பெண் வரி கட்ட வேண்டாம் என்பது சலுகை போலத் தெரியும். ஊருக்கு வருவதைப் பங்கு பிரிக்கும்போதுதான் அந்தச் சலுகையின் விலை தெரியும். ஊர் சொன்னபடி அடங்கி நடந்தவளுக்குத்தான் துணை நீடித்தது.

பயந்து விலகிய வாசல்

ஊர் கைவிட்டால் காவல் நிலையம் இருக்கிறதே என்று அன்று சொல்லிவிட முடியாது. 1992இல் சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகர் காவல் நிலையத்தில் விசாரணைக்குக் கொண்டுபோகப்பட்ட ஒருவர் இறந்தார். அவருடைய மனைவி அங்கேயே காவலர்களால் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். தமிழ்நாடே கொந்தளித்த வழக்கு அது. மறு ஆண்டு, இன்றைய கடலூர் மாவட்டத்தின் முதனை கிராமத்தில் இன்னொரு குடும்பம் சிதைந்தது. யாரோ ஒருவர் வீட்டில் நகை திருடுபோன புகாரில் ராஜாகண்ணுவைப் பிடித்துப் போனார்கள். கம்மாபுரம் காவல் நிலையத்தில் அவர் அடித்துக் கொல்லப்பட்டார். மனைவி பார்வதி நடத்திய போராட்டமும், வழக்கறிஞர் சந்துரு உயர் நீதிமன்றத்தில் நடத்திய வழக்கும் 2021இல் ‘ஜெய்பீம்’ படத்துக்கு அடிப்படையாயின. மாளிகை வீட்டுக்காரருக்குத் திருட்டு என்றால் நகை போகும். காவல்துறை முதலில் சந்தேகிக்கும் இருளர், குறவர் குடும்பத்துப் பெண்ணுக்கு, அடுத்த தெருவில் நடந்த திருட்டால் கணவனே போவான்.

அதே 1992இல்தான் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. இன்று சிதம்பரத்திலும் ஒன்று இருக்கிறது. 2013இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, ஒரு பெண்ணைப் பின்தொடர்வதும் மறைந்திருந்து பார்ப்பதும் தனிக் குற்றங்கள். முன்பெல்லாம் ‘சும்மா நின்னுட்டுப் போறான்’ என்று தள்ளிவிடப்பட்டவை இவை. பயம் முழுதாகப் போய்விடவில்லை. ஆனாலும் காவல் நிலையப் படியை மிதிப்பதே மானக்கேடு என்றிருந்த தலைமுறையின் பேத்திகள் இன்று புகார் எழுதிக்கொண்டு போகிறார்கள்.

சுவர் எழும்பிய ஆண்டுகள்

இந்தக் கரையில் வீட்டை மாற்றியது திருடன் பயம் அல்ல, கடலும் காற்றும்தான். 2004 டிசம்பர் 26 காலை சுனாமி அலை வந்தபோது, மணல்திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு என்ற மீனவக் குடியிருப்பு அழிந்தது. சுரபுன்னையும் கண்டலும் அடர்ந்த காட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகள் தப்பின. மறு ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு ஒன்று கடலூர் மாவட்டக் கரையை அளந்து இதையே சொன்னது.

அந்தக் காலை இன்னொன்றையும் காட்டியது. ஆக்ஸ்பாம் அமைப்பு 2005இல் வெளியிட்ட கணக்கின்படி கடலூர் மாவட்டத்தில் இறந்த பெண்கள் 391, ஆண்கள் 146. ஆண்கள் பலர் ஆழ்கடலில் இருந்ததால் பிழைத்தார்கள். பெண்கள் மீனுக்காகக் கரையில் காத்திருந்தார்கள், அல்லது வீட்டில் பிள்ளைகளோடு இருந்தார்கள். நீச்சல் தெரியாது, மரம் ஏறிப் பழக்கம் இல்லை, ஓட நினைத்த காலைப் புடவை தடுத்தது. பெண்ணுக்குப் பத்திரமான இடம் வீடுதான் என்று காலம்காலமாகச் சொல்லி வந்தது அன்று பொய்த்தது.

நிவாரண வீடுகள் கட்டியபோது அரசு எடுத்த முடிவுகளில் முக்கியமானது, வீட்டைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிவு செய்தது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது. கீற்றுக் கூரைகள் பறந்தன; அதன் பிறகு குடிசைகளின் இடத்தில் கான்கிரீட் வீடு கட்டும் திட்டம் வந்தது. இலவச மனைப் பட்டாவும் பெரும்பாலும் பெண் பெயரில் வரத் தொடங்கிவிட்டது. 1989இல் தமிழ்நாடு இந்துக் குடும்பத்து மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு கொடுத்தது. நாடு முழுவதற்கும் அது வர 2005 ஆனது. 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய்க்குள் மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறைகிறது.

பாதுகாப்புக்கும் பத்திரப் பதிவுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். நிறைய இருக்கிறது. ‘வெளியே போ’ என்று மச்சினனோ மகனோ சொல்ல முடியாத வீட்டில்தான் ஒரு பெண் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்க முடியும். 1975இல் தொடங்கிய ஆதரவற்ற விதவை ஓய்வூதியமும், 1986இல் கைவிடப்பட்ட மனைவியருக்கு வந்த ஓய்வூதியமும் இப்போது மாதம் 1,200 ரூபாய். பெரிய தொகை இல்லை. ஆனால் அரிசிக்காக யார் தயவிலும் நிற்க வேண்டாம் என்ற அளவுக்கு அதுவும் ஒரு தாழ்ப்பாள். எல்லாவற்றையும்விடச் சத்தமில்லாமல் வந்த காவல், வீட்டோடு ஒட்டிய கழிப்பறை. இருட்டில் புதருக்குப் போகும் நடையை அது நிறுத்தியது.

கேமரா பார்க்கும், வராது

இன்று இந்தப் பக்கத்தில் தனியாக இருக்கும் பெண் ஒரே அச்சில் வார்த்தவள் அல்ல. பரங்கிப்பேட்டை, லால்பேட்டைப் பக்கம் கணவன் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார். சிதம்பரத்தில் வாடகை அறையில் தங்கி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் ஆய்வு மாணவி இருக்கிறாள். கிராமத்தில் பிள்ளைகளைச் சென்னைக்கு அனுப்பிவிட்டு, வீட்டைவிட்டு வரமாட்டேன் என்று பிடிவாதமாக இருக்கும் அம்மா இருக்கிறார். மகன் ஆன்லைனில் கேமரா வாங்கி மாட்டிவிட்டு, சென்னையில் இருந்து போனில் வாசலைப் பார்க்கிறான். அம்மா வழுக்கி விழுந்தால் அவனுக்குத் தெரியும். கைகொடுக்க வருவதற்கு நான்கைந்து மணி நேரம் ஆகும். தானே புயலுக்குப் பின் கடலூர் கிராமங்கள் பலவற்றில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படி ஓர் இரவில் கேமரா கண்ணை மூடிக்கொள்ளும்.

இரும்புக்கும் இங்கே ஒரு எதிரி உண்டு, உப்புக் காற்று. கடலோரத்தில் மலிவான பூட்டு சில மாதங்களிலேயே இறுகத் தொடங்கும். பித்தளைப் பூட்டு தாங்கும். எண்ணெய் விட்டால் தூசி ஒட்டிக்கொள்ளும்; பென்சில் முனையைப் பொடித்துச் சாவியில் தடவிப் போடுவது நல்லது. கிரிலை உள்ளே பூட்டிவிட்டுச் சாவியைத் தேடும் இடத்தில் வைக்கக் கூடாது. தீப்பிடித்தால் அந்தக் கிரிலே சிறை. வெளியே தொங்கும் பூட்டு, வீட்டில் ஆள் இல்லை என்று தெருவுக்கே சொல்லும். கதவோடு பதித்த பூட்டு சொல்லாது. வாசலில் ஆள் நடமாடினால் தானாக எரியும் விளக்கு, கதவில் வெளியே பார்க்க ஒரு லென்ஸ், திறக்காமல் பேச ஒரு சங்கிலித் தாழ்ப்பாள் ஆகிய மூன்றும் சேர்ந்தாலும் ஒரு கேமராவின் செலவு ஆகாது.

கன்னக்கோல்காரன் இப்போது சுவரைத் தொடுவதில்லை. போனில் வருகிறான். ‘உங்கள் பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, டிஜிட்டல் கைது’ என்று மிரட்டினால், பக்கத்தில் கலந்து பேச ஆள் இல்லாதவர் சீக்கிரம் பயந்துவிடுவார். அதனால்தான் தனியாக இருப்பவர்களை அவன் தேடுகிறான். அப்படி ஒரு கைது சட்டத்திலேயே கிடையாது. பணம் போய்விட்டால் உடனே 1930ஐ அழைக்க வேண்டும். அவசரத்துக்கு 112, பெண்களுக்கான உதவிக்கு 181, முதியோருக்கு 14567. தமிழ்நாடு காவல்துறையின் ‘காவல் உதவி’ செயலியில் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் இருக்கும் இடம் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். இந்த எண்களை எழுதிச் சுவரில் ஒட்டுவதோடு, ஒருமுறையாவது போன் போட்டுப் பேசிப் பார்த்திருப்பவருக்குத்தான் ராத்திரியில் கை நடுங்காது. பயணப் படத்தை ஊர் திரும்பிய பின் ஸ்டேட்டஸில் வைக்கலாம். போகும்போது வைத்தால் அதுவும் வெளிப்பூட்டுதான்.

தேர்ந்தெடுத்த துணை

அன்றைய பெண்ணிடம் சாவி இல்லை, துணை இருந்தது. அந்தத் துணைக்காக அவள் தன் நடை, உடை, பேச்சு எல்லாவற்றையும் ஊருக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். இன்றைய பெண்ணிடம் சாவியும் பட்டாவும் இருக்கின்றன. பக்கத்து வீட்டுக் கதவும் அவள் கதவைப் போலவே ஆறு மணிக்குச் சாத்திக்கொள்கிறது. சீரியல் சத்தத்தில் கூப்பிடும் குரல் கேட்பதில்லை. பழைய துணையை அப்படியே திரும்பக் கேட்பது, கூடவே ஊரின் பழைய கேள்விகளையும் திரும்பக் கேட்பதாகும். அது வேண்டாம்.

வேண்டியது, அவளே தேர்ந்தெடுக்கும் துணை. இந்தக் கரையில் அதற்கு ஆள் இருக்கிறது. 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழு, சுனாமிக்குப் பின் மீனவக் குடியிருப்புகளில் வேர்விட்டது. வாரம் ஒருமுறை கூடுகிறார்கள்; யார் வீட்டில் என்ன கஷ்டம் என்று அவர்களுக்குத் தெரியும்; ஒருத்தி பூ வைத்ததும் புடவை கட்டியதும் அவர்களுக்குப் பிரச்சினை இல்லை. காலை ஏழு மணிக்குள் வாசல் தெளிக்காத வீட்டுக்கு ஒரு போன், மாற்றுச் சாவி ஒருத்தியிடம், புயல் எச்சரிக்கை வந்தால் தனியாக இருப்பவளை முதலில் பாதுகாப்பு மையத்துக்கு அழைத்துப்போக இருவர் என்று பேசி முடிவெடுக்க ஒரு கூட்டம் போதும். தனியாக இருப்பவர்களின் பட்டியல் மட்டும் பேரூராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படாமல் அந்தக் குழுவின் நோட்டிலேயே இருக்க வேண்டும். தவறானவன் கையில் அதுவே வழிகாட்டி.

கிரில் போடக் கடன் கொடுக்கும் குழு, ராத்திரி இரண்டு மணிக்குப் போன் அடித்தால் எடுக்கும் குழுவாகவும் ஆகிவிட்டால், இந்தக் கரையின் பெண்ணுக்கு முதல் தடவையாகச் சாவியும் துணையும் ஒன்றாகக் கிடைக்கும்.