பாதம் பேணுவோம்

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வானகரத்தில் பேருந்தைவிட்டு இறங்கிப் பள்ளிக்கு நடக்கிறீர்கள். உங்களைச் சுமந்து செல்லும் ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகள் உள்ளன. முகத்தை நாள்தோறும் கண்ணாடியில் காணும் நாம், பாதத்தை என்றேனும் உற்று நோக்குகிறோமா?

விளையாடும்போது பாதம் உட்புறம் மடங்கினால், கணுக்காலின் வெளிப்புறத்தே எலும்புகளைப் பிணைக்கும் நார் இழுபட்டு வீங்கும். இதுவே சுளுக்கு. அதனை அழுத்தி நீவுதல் தகாது. ஓய்வு கொடுத்து, துணியில் சுற்றிய பனிக்கட்டியைச் சுமார் 15 நிமிடம் ஒற்றி, காலை உயர்த்தி வைத்தல் வேண்டும். நான்கு அடி ஊன்றி நடக்க இயலாவிடின் எலும்பு முறிந்திருக்கலாம், மருத்துவரை நாடுக.

மழைக்காலச் சேற்றுப்புண் ஈரத்தில் செழிக்கும் பூஞ்சையால் வருவது. விரலிடுக்கைக் கழுவி நன்கு உலர்த்துதல் இன்றியமையாதது. இறுகிய காலணியின் உராய்வால் உண்டாகும் ஆணியைக் கத்தியால் அறுத்தல் ஆகாது.

வலி நம் காவலாளி. 1914இல் கொல்லிமலையில் பிறந்து, 1946 முதல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணிபுரிந்த டாக்டர் பால் பிராண்ட் இவ்வுண்மையை விளக்கினார். தொழுநோயாளர் தம் பாதத்தில் உணர்ச்சியிழந்து, காயத்தையும் அழுத்தத்தையும் அறியாது நடப்பதாலேயே அங்குப் புண் உண்டாகிறது என்று கண்டார். அவர்களுக்கு மென்மையான ரப்பர் செருப்புகள் அமையச் செய்தார்.

நீரிழிவால் உணர்ச்சி குன்றிய பாதத்துக்கும் இவ்விடர் உண்டு. கவனியாது விட்ட சிறு கொப்புளம் காலையே பறிக்கக்கூடும். வீட்டில் நீரிழிவுள்ள பாட்டனார் இருப்பின், இன்றிரவே அவர் உள்ளங்காலை விளக்கொளியில் பாருங்கள். அவர் உணராத புண்ணை உங்கள் கண்கள் காணட்டும்.